'வாரேன்' என்றவர்களுக்குச் சமைத்த ஞாயிறு

ஒருவர் தொலைபேசியில் "சரி, வாரேன்" என்று சொன்னால், அவர் வருகிறாரா, போகிறாரா?

இராமநாதபுரம் மாவட்டத்தில் பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இத்தனை வயதில் ஒருமுறைகூட இந்தக் கேள்வி எனக்கு எழுந்ததில்லை. பணியின் கடைசி மாதங்களில், பாம்பனில், மூன்று அண்டா மீன் குழம்பு ஒரே நேரத்தில் கொதித்துக்கொண்டிருந்த ஓர் அடுப்படியில் நின்றபோது எழுந்தது. அன்று சிரித்த சிரிப்பில் எனக்கு விலா வலித்தது. சிரிக்கக் கூடாத நேரம் அது என்பதால் வலி இன்னும் கூடுதலாக இருந்தது.

சிறுதொழில்களுக்கு ஆலோசனை சொல்லும் நம் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு, செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை நிறுவும் முறையையெல்லாம் பயிற்சி வகுப்பில் என்னைவிட நன்றாகவே சொல்லித்தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கருவி பிசகிவிட்டது, அடுப்பு எரிகிறது, எதிரே நிற்பவர் "இப்ப என்ன செய்ய?" என்று கேட்கிறார் என்ற நிலை ஒருநாள் உங்களுக்கும் வரும். அப்போது உதவலாம்.

பாலத்தைத் தாண்டி இறங்கியதும் சாலையோரத்தில் இருந்த மீன் சாப்பாட்டுக் கடை அது. நடத்தியவர்கள் இரண்டு பெண்கள். சமையல், தங்கச்சிமடத்துப் பிலோமினாளின் பொறுப்பு. எல்லோரும் பிலோமி என்பார்கள். மீனைக் கையில் தூக்கிப் பார்த்து அதனுடன் பேரம் பேசுவது போல முறைப்பார். பெரிய குரல், அதைவிடப் பெரிய சிரிப்பு. மற்றவர் ஜெய்னம்பு. திருப்பாலைக்குடியில் பிறந்து பாம்பனில் வாழ்க்கைப்பட்டவர். முதல் போட்டவரும், கொள்முதல் செய்தவரும் அவர்தான். அவர் கணவர் சாகுல் குவைத்தில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தார். அந்தக் கிடங்கில் பெட்டிகளைத் தானே எடுத்துத் தானே அடுக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டார்கள்.

ஆகவே ஜெய்னம்புவுக்கு அந்தக் கடை வெறும் கடையாக இருக்கவில்லை. அது தலையெடுத்தால் சாகுல் ஊருக்கு வந்து அதிலேயே நிற்கலாம். தலையெடுக்காவிட்டால் வேறு ஒரு விசாவுக்கு ஆள் பிடித்து, இன்னும் சில ஆண்டுகளுக்கு அவரை அங்கேயே விட்டுவைக்க வேண்டும். ஒரு பக்கம் கடையை நடத்திக்கொண்டே, மறுபக்கம் அவர் விசா முகவர்களிடமும் விசாரித்துக்கொண்டிருந்தார். இரண்டையும் ஒரே பெண் ஒரே கைப்பேசியில் செய்துகொண்டிருந்ததை நான் பல நாள் பார்த்திருக்கிறேன்.

கடையின் சிக்கல் ருசி அல்ல. தீவுக்குள் வரும் பயணிகளின் பழக்கம் மாறியிருந்தது. முன்பெல்லாம் வண்டியை ஓரங்கட்டி, வாசனை பிடித்து உள்ளே வருவார்கள். இப்போது மண்டபம் ஊரைத் தாண்டும் முன்பே கைப்பேசியில் தேடி, இரண்டு மூன்று இடங்களுக்கு அழைத்து, எடுத்துப் பேசுகிற இடத்தில் சாப்பாடு சொல்லிவிடுகிறார்கள். புதிய உணவு விடுதிகளில் அழைப்பை எடுப்பதற்கென்றே ஆள் இருந்தது. பிலோமியின் கை முழங்கை வரை மீன் செதிலில் இருக்கும். போன் அடித்து அடித்து ஓயும்.

"தலையால எடுக்கவா மேடம்?" என்று கேட்டார் ஒருநாள்.

அதனால்தான் அழைப்பை எடுத்துத் தமிழில் பேசும் ஒரு குரல் கருவியை நான் பரிந்துரைத்தேன். என்ன மீன் என்று சொல்லும், எத்தனை பேர் என்று கேட்கும், விலை சொல்லும், வருகை உறுதியானதும் கணக்கில் சேர்த்துக்கொள்ளும், மாலையில் பிலோமியை அழைத்து மறுநாள் எத்தனை பேர் என்று சொல்லும். விற்ற நிறுவனத்தின் இளைஞர் மிகுந்த அக்கறையோடு என்னிடம், "உங்கள் வட்டார வழக்கில் ஏதாவது சேர்க்க வேண்டுமா?" என்று கேட்டார். நானும் அதே அக்கறையோடு எழுதிக் கொடுத்தேன். அவற்றுள் ஒன்று: 'இங்கே "வருகிறேன்" என்றோ "வரேன்" என்றோ சொல்ல மாட்டார்கள். "வாரேன்" என்பார்கள்.'

எழுதிய எனக்கும், படித்துப் பார்த்துத் தலையாட்டிய அந்த இரு பெண்களுக்கும், போனை வைக்கும்போதும், வீட்டைவிட்டுக் கிளம்பும்போதும், பேச்சுப் பிடிக்காமல் நழுவும்போதும்கூட இங்கே எல்லோரும் "வாரேன்" என்றுதான் சொல்வார்கள் என்பது தோன்றவே இல்லை. நாங்கள் அந்தச் சொல்லை ஒரு நாளைக்கு எத்தனையோ முறை சொல்கிறவர்கள். அது நினைத்துப் பார்க்கிற தூரத்தில் இல்லாமல், நாக்கிலேயே இருந்தது.

கருவி வந்தது. தேனாகப் பேசியது. "வணக்கம். தங்களுக்கு நான் எவ்வகையில் உதவலாம்?" என்று அது கேட்ட முதல் நாளே பிலோமி அதற்குப் பெயர் வைத்துவிட்டார்: மதினி, அதாவது அண்ணி.

"இவ்வளவு மரியாதையா நம்மகிட்ட யாரு பேசுறா? புதுசா வந்த மதினிதான் பேசுவா. ஒரு மாசம் போகட்டும், அவளும் கத்துவா."

ஒரு மாதம் எதற்கு? ஒரே வாரத்தில் மதினி தீவில் பிரபலமானாள். பாம்பன் கடைக்குப் போன் போட்டால் ஒரு மிசினு கொஞ்சும் தமிழில் பேசுகிறது என்ற செய்தி வாட்ஸ்அப் குழுக்களில் பரவியது. வெள்ளியும் சனியும் அழைப்புகள் குவிந்தன. சனிக்கிழமை மாலை மதினி பிலோமியை அழைத்துச் சொன்னாள்: "நாளை மதிய உணவிற்கு இருநூற்றுப் பதினெட்டு விருந்தினர்கள் வருகை தருகிறார்கள்."

நல்ல ஞாயிறுகளில்கூட அந்தக் கடை ஐம்பது பேரைத் தாண்டியதில்லை.

அந்த மாலையை என்னால் மறக்க முடியாது. பிலோமி கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடுப்படியைச் சுற்றி ஒரு சுற்று ஆடினார். ஜெய்னம்பு "மாஷா அல்லா, மாஷா அல்லா" என்று சொல்லிக்கொண்டே சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். அண்டாக்களுக்கு மாதா கோவிலில் கேட்டார்கள். பெஞ்சுகளுக்குப் பள்ளிவாசலில் கேட்டார்கள். நானும் அந்த மகிழ்ச்சியில் மிதந்துதான் கிடந்தேன். ஆனாலும் விளைவுகளை எண்ணிப் பார்ப்பது என் தொழில் என்பதால், வெளியே வந்து நிறுவன இளைஞரை அழைத்து, எண்ணிக்கை சரியா என்று கேட்டேன்.

"எல்லாமே உறுதியான வருகைகள்தான், மேடம். ஒவ்வொருவரும் வாயால் சொல்லியிருக்கிறார்கள். சிஸ்டம் ரொம்பத் தெளிவாக இருக்கிறது" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் விசேஷம்.

ஜெய்னம்பு கையிலிருந்த முதல் முழுவதையும் அன்றைக்கே மீனாகவும் அரிசியாகவும் மாற்றினார். விசாவுக்கென்று ஒதுக்கியிருந்ததும் அதில் சேர்ந்தது. ஞாயிறு விடிந்ததும் சீலா, பாறை மீன்களும் கணவாயும் கூடைகூடையாக வந்து இறங்கின. பத்து மணிக்குள் குழம்பு கொதித்தது. நான் வெங்காயம் உரித்தேன். அலுவலக வாழ்வில் அவ்வளவு நேரடியாக நான் எந்தத் தொழிலுக்கும் உதவியதில்லை.

அப்போது குவைத்திலிருந்து சாகுல் கூப்பிட்டார். ஜெய்னம்பு கைப்பேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "மச்சான், இன்னைக்கு விட்ருங்க, இருநூறு பேரு வாராக" என்றார். எதிர்முனையில் அவர் சிரித்தது எனக்கே கேட்டது.

"நானும் உங்க மதினிகிட்டப் பேசினேன் புள்ள. நெட்டு காலு போட்டுத்தான் பேசினேன். குவைத்து ரூம்ல பன்னெண்டு பேரு இருக்கோம், எல்லாருக்கும் சோறு குடுப்பியான்னேன். தாராளமாகன்னுச்சு. இங்கன பயலுக எல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சாங்க."

"பொறவு?"

"பொறவென்ன, சரிம்மா வாரேன்னு வச்சுட்டேன்."

ஜெய்னம்பு கைப்பேசியை மெல்ல இறக்கினார். அவர் முகம் வெளிறுவதைப் பார்த்தேன்.

"அக்கா, மதினிகிட்டக் கேளு. குவைத்துலருந்து யாரும் சாப்புட வாராகளான்னு கேளு."

பிலோமி ஒன்றும் புரியாமல் கேட்டார். மதினி கனிவோடு பதில் சொன்னாள்: "ஆம். குவைத்திலிருந்து பன்னிரண்டு விருந்தினர்கள். இன்று மதியம் வருகை உறுதி செய்யப்பட்டுள்ளது."

அடுப்பில் குழம்பு 'பளக் பளக்' என்றது. மதினி பதிவு செய்து வைத்திருந்த அழைப்புகளை நான் என் கைப்பேசியில் ஒவ்வொன்றாக ஓடவிட்டேன்.

"மதினி, சீலா வறுவல் இருக்கா? நாங்க எட்டுப் பேரு. இவ்வளவு வெலையா? ஆத்தாடி! சரி, வாரேன்."

"ஏலே, சும்மா இருங்கலே, பேசுது. அம்மா, எங்க வீட்டுல பதினஞ்சு உருப்படி. சாப்பாடு போடுவியா? போடுவியாம்லே! சரி தாயி, வாரேன்."

"தம்பிக்குப் பொண்ணு பாக்குறோம், நீ எந்த ஊரு? ஓ, அதச் சொல்ல மாட்டியா? எத்தன பேரா? நாலு பேரு வாரோம் பொண்ணு பாக்க. சரி, போயிட்டு வாரேன்."

ஒவ்வொன்றின் முடிவிலும் மதினி மகிழ்ந்திருந்தாள். "மிக்க மகிழ்ச்சி. தங்களுக்காகக் காத்திருக்கிறோம்" என்று, வைத்துவிட்டுப் போனவர்களின் முதுகுக்குச் சொல்லியிருந்தாள்.

பிலோமிதான் முதலில் வெடித்தார். "மாதாவே! மேடம், ஒருத்தரும் வரல. எல்லாரும் போறாக! போறவுகளுக்கெல்லாம் நான் சோறாக்கியிருக்கேன்!"

அவர் சிரிக்க, நான் அடக்கப் பார்த்து முடியாமல் சிரிக்க, வெங்காயக் கண்ணீரும் சிரிப்புக் கண்ணீரும் கலந்து வழிந்தன. ஜெய்னம்பு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். அவர் சிரிக்கவில்லை. எங்கள் சிரிப்பு பாதியில் நின்றது.

"மத்தியானத்துக்குள்ள இது தீரலன்னா, கடன வாங்கி விசா எடுத்து அவரு அங்கனயே கெடக்க வேண்டியதுதான்" என்றார்.

நிறுவன இளைஞரை அழைத்தேன். விடுமுறை நாளிலும் உடனே எடுத்தார், பதறினார், மன்னிப்புக் கேட்டார். பிறகு ஒரு வழியும் சொன்னார். மதினியால் அத்தனை பேரையும் ஒரே நேரத்தில் அழைக்க முடியும். 'உங்கள் வருகை உறுதி செய்யப்பட்டுள்ளது, வராவிட்டால் ரத்துக் கட்டணம் உண்டு' என்று சொல்லவைத்தால் பாதிப் பேராவது வந்துவிடுவார்கள். பெரிய ஊர்களில் இது வழக்கம்தான் என்றார்.

ஜெய்னம்பு நிமிர்ந்தார். "அப்புடியே செய்யச் சொல்லுங்க மேடம். வாரேன்னு அவுக வாயாலதானே சொன்னாக?"

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். கடை என்னுடையது அல்ல. இழக்கப்போகும் முதலும் என்னுடையது அல்ல. நட்டம் வந்தால் மாலையில் நான் பேருந்து ஏறி இராமநாதபுரத்துக்கு வந்துவிடுவேன். அவருக்கு அப்படிப் போக இடமில்லை. அப்படிப்பட்டவரிடம் 'அறம்' என்று பேசுவது எனக்கு எளிது, அவருக்குச் செலவு. ஆனால் வாய்மூடி நின்றால், இயந்திரம் தவறாகக் கேட்டதைக் காட்டி, விடைபெற்ற மனிதர்களை மிரட்டும் வேலைக்கு நானும் உடந்தையாவேன். முடிவு அவர்களுடையது என்று முதலில் சொன்னேன். பிறகு என் கருத்தையும் ஒளிக்காமல் சொன்னேன்.

"அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை, ஜெய்னம்பு. போய்வருகிறேன் என்றார்கள். இன்று பயமுறுத்தி வரவழைத்தால் சிலர் வருவார்கள். நாளைக்கு இந்த எண்ணுக்கு யாரும் அழைக்க மாட்டார்கள். சாகுல் ஊருக்கு வந்து நிற்கும்போது கடைக்கு ஆள் வேண்டும் அல்லவா?"

பிலோமி மூடியைத் திறந்து குழம்பைக் கிளறியபடி சொன்னார்: "மெரட்டிக் கூப்புட்டுப் போட்டா சோறு எறங்குமா புள்ள? அதுவும் அந்த எட்டுப் பேரு யாருன்னு நெனக்கிற? எங்க சின்ன அண்ணன் கொரலு. வந்து உக்காந்து என் மூஞ்சியப் பாத்தே திங்கணும்."

ஜெய்னம்புவின் உதட்டோரம் ஏதோ அசைந்தது. "பொண்ணு பாக்க வேற நாலு பேரு வாராகளாம்ல, மதினிய" என்றார். சொல்லி முடிக்கும் முன்பே சிரிப்பு வந்துவிட்டது. மூட்டையிலிருந்து சரிந்து, தரையில் உட்கார்ந்து, முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். நிமிர்ந்தபோது அவர் முடிவு செய்திருந்தார்.

"போனக் குடுங்க. நானே பேசுறேன். மதினி அத எல்லாருக்கும் போட்டுக் காட்டட்டும்."

ஒரே தடவையில் பதிவு செய்தார். திருத்தவே இல்லை.

"சலாம், வணக்கம். பாம்பன் மீன் சாப்பாட்டுக் கடை ஜெய்னம்பு பேசுறேன். மிசினு இல்ல, நானேதான். நீங்க எங்க கடைக்குப் போன் பண்ணி, சரி வாரேன்னு சொல்லி வச்சீகல்ல? எங்க மிசினு கூறுகெட்டது, நெசமாவே வாரீகன்னு எழுதிக்கிருச்சு. நாங்களும் நம்பி ஊருக்கே ஆக்கி வச்சுட்டோம். உங்க மேல தப்பு ஒண்ணும் இல்ல. வந்துதான் ஆகணும்னும் இல்ல. ஆனா கொழம்பு நல்லா வந்துருக்கு. பசிச்சா வாங்க. குவைத்துலருந்து எங்க வீட்டு ஆளு பன்னெண்டு பேருக்குச் சோறு சொல்லியிருக்காரு. அவுக வரமாட்டாக. அந்த எடமும் காலியாத்தான் இருக்கு."

பின்னணியில் பிலோமியின் சிரிப்பும் பதிவாகிவிட்டது. அதை நீக்கட்டுமா என்று இளைஞர் கேட்டார். வேண்டாம் என்று மூவரும் ஒரே குரலில் சொன்னோம்.

மதினி எல்லோரையும் அழைத்தாள். அதன் பிறகு காத்திருந்த நேரம்தான் என் பணிக்காலத்திலேயே நீளமானது. ஜெய்னம்பு வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தார். திட்டி இரண்டு அழைப்புகள் வந்தன. 'என் நம்பருக்கு எப்படிக் கூப்பிடலாம்' என்று ஒருவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நானே பேசி மன்னிப்புக் கேட்டேன்.

பிறகு ஓர் ஆட்டோ வந்து நின்றது. ஓட்டுநர் தலையை மட்டும் நீட்டினார்.

"ஏக்கா, குவைத்துக்காரவுக எடம் எங்கன இருக்கு? நாங்க அங்கனதான் உக்காருவோம்."

அவ்வளவுதான். ஜெய்னம்புவின் குரல் மதினியை முந்திக்கொண்டு எல்லாக் குழுக்களிலும் ஓடியிருந்தது. பூசை முடிந்து கோவிலிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். தொழுகை முடித்து வந்தார்கள். தனுஷ்கோடியிலிருந்து திரும்பிய ஒரு வேன் கூட்டத்தைப் பார்த்துவிட்டு நின்றது. வந்தவர்கள் அத்தனை பேரும் குவைத் இடம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். "நான் அபுபக்கர், குவைத்து" என்றார் ஒருவர். "நான் அந்தோணி, நானும் குவைத்துதான்" என்றார் அடுத்தவர். பிலோமியின் சின்ன அண்ணன் வீட்டார் எட்டுப் பேராக வந்தார்கள்; அண்ணன், தங்கையின் முகத்தைப் பார்க்காமல் இலையைப் பார்த்தார்.

"என்னண்ணே, வெலை ஆத்தாடியா?" என்றார் பிலோமி.

"அது போன்ல சொன்னது. ருசிக்குத் தகும். இன்னும் ரெண்டு துண்டு போடு."

ஜெய்னம்பு வீடியோ அழைப்பில் சாகுலைப் பிடித்து, கைப்பேசியை ஒரு பெஞ்சின் தலைமாட்டில் சாய்த்து வைத்தார். அவருடைய அறைத் தோழர்கள் திரைக்குள் நெருக்கியடித்து நின்று, யார் யாரோ தங்கள் பங்கைச் சாப்பிடுவதைப் பார்த்து ஒப்பாரி வைத்தார்கள். கடையில் சிரிக்காத ஆள் இல்லை. பரிமாறிய என் சேலையெல்லாம் குழம்பு. எனக்கு என் படிப்பு, பதவி, வயது எதுவும் நினைவில் இல்லை.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் அது கதையாகிவிடும். குழம்பும் வறுவலும் தீர்ந்தன. சோறு ஓர் அண்டா மீந்தது. அதைப் பக்கத்து மாணவர் விடுதிப் பிள்ளைகளுக்கு அனுப்பினோம். கணவாய் கொஞ்சம் கெட்டுப்போனது. இலாபம் பெரிதாக இல்லை. ஆனால் போட்ட முதல் மாலைக்குள் ஜெய்னம்புவின் கைக்குத் திரும்பியது.

இதை உங்களுக்குச் சொல்வது, இயந்திரம் வேண்டாம் என்று சொல்வதற்காக அல்ல. அத்தனை பேரையும் சில நிமிடங்களில் எட்டியது அந்த இயந்திரம்தான். கையில் செதிலோடு நின்ற இரண்டு பெண்களால் அது முடிந்திருக்காது. கருவி தவறும்போது அந்தத் தவற்றின் செலவை யார் தலையில் வைப்பது என்ற முடிவு, அடுப்பு எரியும் நேரத்தில், யோசிக்க அவகாசமில்லாமல் உங்களிடம் வரும். எளிதாகக் கைக்கு எட்டும் தலை, அந்த அறையில் இல்லாத ஒருவருடையதாக இருக்கும். அவரையும் அறைக்குள் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்து யோசியுங்கள். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்குப் பிறகு, எந்தத் தொழிலுக்குக் குரல் கருவி கொடுத்தாலும், முதலில் அங்கே வரும் உண்மையான அழைப்புகளை உரியவர்களின் சம்மதத்தோடு ஒரு வாரம் உட்கார்ந்து கேட்பது நம் அலுவலகத்தின் நடைமுறையாயிற்று. பாம்பன் கடையில் மாலைக் கணக்கை மதினி சொன்னபின், பெரிய குழுக்களைப் பிலோமி தானே ஒருமுறை அழைத்துக் கேட்கிறார். ஞாயிறுகளில் நூறு பேருக்குக் குறைவதில்லை. ஒப்பந்தம் முடிந்ததும் சாகுல் ஊருக்கு வந்துவிட்டார். பொட்டலச் சாப்பாடு இப்போது அவர் பொறுப்பு. ஜெய்னம்பு விசா முகவர்களிடம் விசாரிப்பதை நிறுத்திவிட்டார்.